முனையமா, மேசைக் கணினியா: விலைப்பட்டியலில் இல்லாத கணக்கு

அலுவலகத்துக்குக் கணினி வாங்கக் கூடும் குழுக்கள் முதலில் புரட்டுவது விலைப்பட்டியலை. வரைகலை முனையத்துக்கும் மேசைக் கணினிக்கும் இடையிலான போட்டி அதனாலேயே பல ஆண்டுகளாகப் பெட்டியின் விலையைச் சுற்றியே நடந்துவருகிறது. சர்வரிலிருந்து மேசைவரை வரும் இணைப்பையும் அந்த மேசையில் நடக்கும் வேலையையும் முதலில் அளந்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எம்.ஐ.டி.யில் 1984இல் பிறந்த எக்ஸ் விண்டோ முறை, நிரல் ஓரிடத்தில் ஓட, அதன் சாளரம் வேறிடத்தில் தெரிய வழிசெய்தது. 1988இல் தொடங்கப்பட்ட என்.சி.டி. நிறுவனம் இதற்கென்றே ஹார்ட் டிஸ்க் இல்லாத முனையங்களைச் செய்து விற்றது. சுவிட்சைப் போட்டதும் முனையம் தனக்கு வேண்டிய மென்பொருளை நெட்வொர்க் வழியாக இறக்கிக்கொள்ளும். பிறகு சர்வரின் லாகின் திரை வரும். பெட்டி பழுதானால் வேறொன்றை மாட்டினால் போதும், கோப்பு எதுவும் தொலையாது. 1999இல் வந்த சன் ரே இன்னும் ஒரு படி மேலே போனது. ஸ்மார்ட் கார்டை உருவிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய் அங்குள்ள முனையத்தில் செருகினால், பாதியில் விட்ட கடிதம் அதே வரியில் திறந்து நிற்கும்.

இத்தனை வசதி இருந்தும் மேசைகளைப் பிடித்தது கணினிதான். 1990களின் நடுவில் ஆரக்கிள் நிறுவனத்தின் லாரி எலிசன் 500 டாலர் நெட்வொர்க் கணினியைப் பற்றி முழங்கினார். ஆனால் 1997இல் காம்பாக் முழுக் கணினியையே 999 டாலருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு இறுதியில் இமெஷின்ஸ் 500 டாலருக்கும் கீழே இறங்கியது. இதில் நிதி நடைமுறைக்கும் பங்குண்டு, அதுவும் பெரிய பங்கு. துறைத் தலைவர் தன் வரம்புக்குள் இந்த ஆண்டு 4, அடுத்த ஆண்டு 6 என்று கணினி வாங்கிக்கொள்ளலாம். பெரிய சர்வருக்கோ மொத்தத் தொகைக்கும் மேலிட ஒப்புதல் முதலிலேயே வேண்டும்.

இனி இணைப்பு. 1280 × 1024 புள்ளிகள் கொண்ட திரையில் புள்ளிக்கு 3 பைட் என்றால், ஒரு முழுத் திரை ஏறத்தாழ 3.9 மெகாபைட். சுருக்காமல் அனுப்பினால் 10 மெகாபிட் ஈதர்நெட்டில் 3 நொடிக்கு மேல் பிடிக்கும். 100 மெகாபிட்டில் ஏறத்தாழ நொடியில் மூன்றில் ஒரு பங்கு. இதையே நொடிக்கு 25 முறை மாற்றும் வீடியோவுக்கு 780 மெகாபிட்டுக்கு மேல் வேண்டும். நடைமுறையில் மாறிய பகுதியை மட்டும் சுருக்கி அனுப்புவதால் பாரம் வெகுவாகக் குறைகிறது. ரசீது போடும் எழுத்தரின் திரையில் மாறுவதும் சில எண்கள்தான். கட்டட வரைபடத்தைச் சுழற்றிப் பார்க்கும் பொறியாளரின் திரையில் எல்லாமே மாறுகிறது.

இணைப்பின் அகலத்தைவிடப் பொல்லாதது தாமதம். புவிநிலைச் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேல் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. தகவல் போய் மறுமொழி திரும்ப ஏறத்தாழ அரை நொடி. கம்பி எட்டாத ஊர்களில் வங்கிக் கிளைகள் பல நம்பியிருப்பது வீசாட் எனப்படும் இந்தச் செயற்கைக்கோள் இணைப்பை. அங்கே முனையத்தை வைத்தால், விசையில் தட்டிய எழுத்து திரையில் விழ அரை நொடி ஆகும். ஒரு மெனு திறக்க 10 முறை போய்வர வேண்டிய நிரல் என்றால் 5 நொடி. கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் நெட்வொர்க்கில் அதே மெனு கண்ணிமைக்குமுன் திறந்துவிடும். கிளையில் நிற்கும் வாடிக்கையாளர் வரிசை அந்த 5 நொடி பொறுக்குமா? பிரவுசர் வழி மென்பொருள் இங்கே கைகொடுக்கிறது. படிவம் ஒருமுறை வந்திறங்கும், தட்டச்சு உள்ளூரில் நடக்கும், முடிவு மட்டும் சர்வருக்குப் போகும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் லார்கோ நகராட்சி, லினக்ஸ் சர்வர்களையும் மெலிந்த முனையங்களையும் வைத்துப் பல ஆண்டுகள் நிர்வாகத்தை நடத்தியது. ஒரே ஊர், அன்றாட அலுவலக வேலை: முனையத்துக்கு ஏற்ற களம். சர்வர் படுத்தால் மொத்த அலுவலகமும் படுக்கும் என்ற எதிர்வாதம் நியாயமானதே. மாற்று சர்வரின் விலையைச் சேர்க்காத எந்த ஒப்பீடும் அரைகுறைதான். ஆனால் தரவுத்தளம் மையத்தில் இருக்கும்போது, அது நின்றால் மேசைக் கணினிகளும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். இதைக் கணினிப் பக்கம் வாதிடுவோர் ஏனோ சொல்வதில்லை.

மைக்ரோசாஃப்ட் 2024இல் 349 டாலர் விலையில் அறிவித்த விண்டோஸ் 365 லிங்க் பெட்டியும் இத்தகைய முனையமே. மானிட்டர் தனி. மேகத்தில் ஓடும் கணினிக்கு ஆளுக்கொரு மாதச் சந்தாவும் உண்டு. 5 ஆண்டுக்கு அதைக் கூட்டி, கிளையின் இணைப்பில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகே கொள்முதல் குழு கையெழுத்திட வேண்டும்.