தவளைகளின் பாகப்பிரிவினை

கதை எழுதுகிறவனுக்குக் குடும்ப வழக்கு என்றால் காது தானாக நிமிர்ந்துவிடும். நான் அதற்கு விலக்கல்ல. நூறு வருஷத்துக்கு மேல் நடந்த ஒரு வழக்கை இங்கே சொல்லப் போகிறேன். கட்சிக்காரர்கள் தவளைகள். கோர்ட்டு, விலங்கியல் சாஸ்திரம்.

ஆப்பிரிக்கக் கரைக்குக் கிழக்கே, இந்து மகா சமுத்திரத்தில் ஸேஷெல்ஸ் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் மாஹே போன்றவை கருங்கல் தீவுகள். அங்கே மலைக்காட்டின் ஈரச் சருகுகளுக்கு நடுவே சின்னஞ்சிறு தவளைகள் வாழ்கின்றன. 1896ல் போயட்கர் என்ற ஜெர்மானியர் அவற்றில் ஒன்றை ஆப்பிரிக்கத் தவளைச் சாதியில் சேர்த்தார். 1911ல் லண்டனிலிருந்த புலெஞ்சர் இன்னொன்றைத் தேரைகளோடு சேர்த்தார். அது முழு வளர்ச்சி அடைந்தாலும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். கட்டைவிரல் நகத்தின்மேல் உட்கார்ந்துவிடும். 1931ல் அமெரிக்கரான நோபிள், இவற்றுக்கென்று தனிப் பிரிவே வகுத்தார். ஆக, அநாதைகளுக்கு ஒரு பெயர் கிடைத்தது. உறவு கிடைக்கவில்லை.

உறவினரோ, சுமார் 1,800 மைலுக்கு அப்பால், கேரளத்து இடுக்கி மலைகளில் மண்ணுக்கடியில் உட்கார்ந்திருந்தார்!

2003ல் எஸ். டி. பிஜு என்பவரும் பெல்ஜியத்தைச் சேர்ந்த போஸ்யூட் என்பவரும் அவரைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். உப்பின உடம்பு, ஊதா நிறம், சின்னத் தலை, கூரான வெள்ளை மூக்கு. நாசிகையை வைத்தே அதற்கு விஞ்ஞானப் பெயரும் அமைந்தது. வருஷத்தில் பெரும்பகுதி பூமிக்குள் கறையானைத் தின்றுகொண்டு கிடக்கும். மழை பிடித்ததும் சில நாள் வெளியே வந்து, ஜோடி சேர்ந்து, ஓடைக் கரையில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். அதன் தலைப்பிரட்டையை 1918லேயே புத்தகத்தில் எழுதியாயிற்று. ஆனால், அது யார் பெற்ற பிள்ளை என்று புத்தகத்துக்குத் தெரியவில்லை. மலைவாசிகளுக்கு அந்தச் சங்கடமே இல்லை. பாறையைக் கவ்விக்கொண்டிருக்கும் அந்தக் குஞ்சுகளை அவர்கள் வழித்தெடுத்துச் சமைத்துத் தின்று வந்திருக்கிறார்கள்.

முகஜாடையை நம்பியவர்கள் ஏற்கெனவே தடுமாறியிருந்தார்கள். ஆகையால் இந்தத் தடவை மரபணுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அது, இடுக்கித் தவளைக்கு மிக நெருங்கிய சொந்தம் ஸேஷெல்ஸ் தவளைகளே என்று சொல்லிவிட்டது.

உப்புத் தண்ணீரில் நீந்தினால் தவளையின் தோல் தாங்காது. பின் எப்படி? தவளை நகரவில்லை, நிலம் நகர்ந்தது. கோண்ட்வானா என்ற பெருநிலம் துண்டாகி, இந்தியாவும் ஸேஷெல்ஸும் வெகுகாலம் ஒட்டியே இருந்து, சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்பு பிரிந்தன. இந்தியா வடக்கே போய் ஆசியாவில் மோதியது. தீவுகள் நடுக்கடலில் தங்கிவிட்டன.

எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. இவ்விரு கிளைகளின் முன்னோர்கள் பத்துக் கோடி வருஷத்துக்கும் முன்பே பிரிந்துவிட்டார்கள் என்பது 2003ல் போட்ட கணக்கு. அதாவது, நிலம் பிளக்கும் முன்பே வீடு பிளந்துவிட்டது. பாகம் பிரித்ததற்குப் பாவம் கடலைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அப்படியானால் இது ஒரே குடும்பமா, இரண்டா? 2003ல் தனிக் குடும்பம் என்றார்கள். 2006ல் வேறு சில அறிஞர்கள் இரண்டையும் ஒரே குடும்பமாக்கினார்கள். பிற்பாடு மறுபடி தனிக்குடித்தனம். உறவு யாருக்கும் சந்தேகமில்லை; எந்தத் தலைமுறையில் கோடு போடுவது என்பதுதான் தகராறு. நம் ஊர்ப் பங்காளிகளுக்கு இது புதிதல்ல.

2017ல் தமிழ்நாட்டுக்கும் இதில் பாத்தியதை ஏற்பட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்து மலையின் கிழக்குச் சரிவில் இரண்டாவது இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. 2014ல் காட்டில் ஆராய்ச்சிக்குப் போன இடத்தில் உயிர்நீத்த பூபதி என்ற ஊர்வன ஆய்வாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். பொருத்தமான மரியாதை.

தீவுகளில் நான்கு இனம், நம் மலைகளில் இரண்டு. அத்தனை கோடி வருஷ வம்சத்தில் நாம் அறிந்த வாரிசுகள் இவ்வளவே. நம் பங்கிலுள்ள இரண்டுக்கும் கால் முளைக்கும்வரை மலையோடையில் ஓடும் தண்ணீர் வேண்டும். ஓடையை மறித்தாலோ கரைக்காட்டை அழித்தாலோ அந்த வருஷத்துப் பிள்ளைகள் போச்சு. வகைப்பாட்டு வழக்கை அறிஞர்கள் இன்னும் நூறு வருஷம் நடத்தட்டும், எனக்கு ஆட்சேபணையில்லை. அதுவரை வாரிசுகள் உயிரோடிருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு கோர்ட்டுக்கல்ல. ஓடைக்குப் பக்கத்தில் தோட்டமும் அணையும் போடுகிற நமக்கு.