மண்ணெண்ணெயும் உருளைச் சுவரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையிற் தேங்கிய நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கப்பட்டன. துலா மிதித்து இறைத்த வேலையைக் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சிறிய இயந்திரங்கள் படிப்படியாக ஏற்றுக்கொண்டன. ஆதலின், 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, மின்சாரம் அற்று, பெற்றோலும் டீசலும் தடுக்கப்பட்டபோது, இயந்திரம் நின்றால் தோட்டம் வாடும் என்ற நிலை தோன்றிற்று.

அந்நாளில் கைகொடுத்தது மண்ணெண்ணெய். அதுவும் அளவோடுதான் கிடைத்தது, விலையோ பன்மடங்கு. நீரிறைக்கும் இயந்திரங்களிற் பல முன்னரே அதற்கென அமைந்தவை. பெற்றோலில் முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் கமக்காரர் அறிந்த வழக்கமே. இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் போட்சன் உழவு இயந்திரமும் அவ்வாறே ஓடிற்று. இன்னல் நேர்ந்தது பெற்றோலுக்கென அமைந்த மோட்டார் சைக்கிள்களுக்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களுக்குமே. சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, அப்பால் மண்ணெண்ணெயில் ஓட்டினர். இதனைப் பெருங் கண்டுபிடிப்பென வியந்துரைப்பர் சிலர். உண்மையில் அது இயந்திரத்தின் ஆயுளைக் கொடுத்து நாளைக் கடத்திய செயல்.

மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. சூடேறாத உருளையில் அது துளியாகவே நின்று, சுவரிற் படிந்த எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். நான்கடிப்பு இயந்திரமாயின், வளையங்களைக் கடந்து கீழிறங்கி, அடியிலுள்ள எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். முற்ற எரியாத பகுதி கரியாகி, பட்டறையில் பிஸ்டன் எனப்படும் முசலத்தின் தலையிலும் வளையக் காடிகளிலும் இறுகும். இறுகிய வளையம் விரியாது, அமுக்கம் கசியும், புகை மிகும். கராச்சில் தலையைக் கழற்றிக் கரி சுரண்டவேண்டும். வளையங்களை ஊறவைத்து இளக்குவதும் மண்ணெண்ணெயிலேயே: நோய் தந்ததே மருந்துமாயிற்று! உருளை வட்டங்கெட்டுத் தேய்ந்துவிடின், அதனைக் கடைந்து, அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது அல்லது முப்பது பங்கு பருத்த முசலம் இடல்வேண்டும். தடைக்காலத்தில் புதிய முசலத்துக்கு எங்கே போவது? கழித்துப்போட்ட இயந்திரங்களின் உறுப்புகளையே நாடவேண்டியதாயிற்று. அடிக்கடி எண்ணெய் மாற்றுவதே சிறந்த காப்பு. அவ்வெண்ணெயும் அருமைப்பொருளாகவே இருந்தது.

2002 ஏப்பிரலில் ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் பெற்றோல் தாராளமாக வந்தது. முற்றுகைக் காலத்தை எழுதுவோர் போரையும் பேச்சுவார்த்தையையும் எழுதுகின்றனர். தோட்டத்துக்கு நீர் பாய்ந்தது எவ்வாறு என்பதை எழுதுவார் சிலரே. அன்று கரி சுரண்டிய கைகள் இன்று முதுமையெய்திவிட்டன. எந்த இயந்திரத்துக்கு எதன் முசலம் பொருந்திற்று என்பது வரை அவர்தம் வாய்மொழியை எமது சங்கம் இவ்வாண்டே பதிந்துவைத்தல் வேண்டும்.