சுமைதாங்கிக் கல் எங்கே?

எங்க அப்பாவுக்கு உச்சந்தலையில் ஒரு கையகலத்துக்கு முடியே கிடையாது. முப்பது வருசம் மூட்டை உட்கார்ந்த இடம் அது. தாம்பரத்தில் ஓர் அரிசி மண்டியில் லோடுமேனாக இருந்தார். பழந்துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டு, கொக்கியால் மூட்டையை இழுத்துத் தலைக்கேற்றி, கிட்டங்கிக்குள் கொண்டுபோய் அட்டி போடுவார். "தலையெழுத்து உள்ள இருக்குன்னு சொல்றானுங்க. பொய்டா. மேலதான் இருக்கு, பாரு" என்று அந்த வழுக்கையைத் தடவிக் காட்டிச் சிரிப்பார்.

நான் எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்தபோது, 2018இல் ஏழு மாதம் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையோரம் ஒரு பெரிய கிட்டங்கியில் ஒப்பந்தக் கூலியாக நின்றேன். என் தலையில் சும்மாடு இல்லை. கையில் ஸ்கேனர் இருந்தது. அந்தச் சும்மாட்டுக்கும் இந்த ஸ்கேனருக்கும் நடுவில் ஒரு வரலாறு இருக்கிறது. சரக்கின் பக்கம் நின்று அதை எழுதியவர்கள் நிறையப் பேர். சுமந்தவர் பக்கம் நின்று எழுதிப்பார்க்கலாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

1

கிடங்கு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் அகழி என்று பொருள். கோட்டையைச் சுற்றி வெட்டிய பள்ளம். உள்ளே இருப்பவனையும் வெளியே நிற்பவனையும் பிரிப்பது. அந்தச் சொல்தான் பின்னால் சரக்கு அடைக்கும் இடத்துக்கும் ஆகிவந்தது. இங்கிலீஷ்காரன் சொல்லும் குடோன் கூட இந்தக் கிடங்கின் வழியில், மலாய் மொழியைச் சுற்றிக்கொண்டு போனதென்று அகராதிக்காரர்கள் சொல்வதுண்டு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே வாழ்ந்த நமக்கு இந்தப் பொருள் மாற்றம் ஒன்றும் புதிதாகத் தெரியாது. நெல் உள்ளே போகும், சுமந்தவன் வாசலோடு திரும்புவான்.

செங்கல்பட்டுச் சீமையின் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் உண்டு. இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். தலைச்சுமைக்காரர் அடுத்தவர் உதவியில்லாமல் சுமையை இறக்கிவைக்கிற உயரம். பிள்ளையைச் சுமந்தபடியே செத்துப்போன பெண்களின் நினைவாக வைக்கப்பட்டது என்பது வழக்கு. எங்க ஆயா வேறொன்று சொல்லும்: "நம்ம தலைச் செமைய எவன் கை குடுத்து எறக்குவான்? தொட்டா தீட்டாச்சே. கல்லுக்குத்தான் சாதி தெரியாது."

எனக்குத் தெரிந்த முதல் சரக்குக் கையாளும் கருவி இந்தக் கல்தான். சுமப்பவரை நினைத்துச் செய்த கருவியும் அதுதான். அதற்குப் பின் வந்தவை எல்லாம் சரக்கை நினைத்துச் செய்யப்பட்டவை.

2

சென்னையில் சுமை வேலைக்குப் பெயர்போன இடம் துறைமுகம். அங்கே காலையில் வாசலில் நின்று, மேஸ்திரி கைகாட்டினால்தான் அன்றைய கஞ்சி. இந்த முறைக்கு முதல் அடி கொடுத்தது 1948ஆம் வருசத்துத் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம். சுமப்பவன் பெயர் பதிவேட்டில் ஏறவும், அதை நடத்த வாரியம் அமையவும், கப்பல் வராத நாளிலும் ஏதோ ஒரு தொகை கைக்கு வரவும் அது வழி திறந்தது. எவன் கூலி என்று எழுதிவைத்த ஏடுதான் அந்த உரிமைக்கு அடிப்படை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதற்கு எட்டு வருசம் கழித்து, 1956 ஏப்ரல் 26இல், அமெரிக்காவின் நூவார்க் துறைமுகத்திலிருந்து ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு கிளம்பியது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் யோசனை அது. மூட்டை மூட்டையாக ஏற்றினால் டன்னுக்கு ஐந்தே முக்கால் டாலருக்குமேல் ஆன செலவு, பெட்டியில் அடைத்து ஏற்றியபோது சுமார் 16 செண்ட் ஆனதாகக் கணக்கு. மிச்சமான அந்தப் பணத்தில் பெரும்பங்கு லோடுமேனின் கூலி. இதைப் பொருளாதாரப் புத்தகங்கள் சிக்கனம் என்று எழுதுகின்றன.

கண்டெய்னர் முனையம் சென்னைத் துறைமுகத்துக்கு 1983இல் வந்தது. பெட்டியைக் கிரேன் தூக்கும். ஆனால் பெட்டிக்குள் சரக்கை யாராவது அடுக்கித்தானே ஆகவேண்டும்? அந்த வேலை கடற்கரையைவிட்டு ஊருக்குள்ளே நகர்ந்துபோய், சங்கமும் பதிவேடும் இல்லாத இடங்களாகப் பார்த்து உட்கார்ந்தது. 

3

அப்படி உட்கார்ந்த இடங்களில் ஒன்று எங்கள் பக்கம். 1984இல் தாம்பரத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் கம்பெனிகள் வந்தன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டருக்கு வெளிவட்டச் சாலை போட்டார்கள். எங்கள் ஆட்கள் ஜிஎஸ்டி என்றால் தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ரோடு என்றுதான் நினைத்திருந்தார்கள். 2017 ஜூலை 1இல் அதே பெயரில் வரி வந்தது. அதற்குமுன் மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்கக் கம்பெனிகள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சின்னக் குடோன் வைத்திருந்தன. புது வரியில் அந்தத் தேவை போயிற்று. சின்னக் குடோன்களைச் சேர்த்துப் பெரிய கொட்டகையாக்குவதுதான் லாபம் என்றாயிற்று. அந்த வருசமே நவம்பரில் மத்திய அரசு இந்தத் தொழிலுக்கு உள்கட்டமைப்பு அந்தஸ்து கொடுத்தது. கடன் லேசாகக் கிடைத்தது. மண்ணிவாக்கம், படப்பை தாண்டிப் போகிற சாலையில் ஏரி ஆயக்கட்டு நிலங்கள் விலை பேசப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

இது 1891இல் கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதிய மாவட்டம். அதையொட்டிப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்ட மாவட்டம். 1994இல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியான மாவட்டம். நிலம் கைக்கு வந்திருந்தால் எங்கள் பிள்ளைகள் கொட்டகை வாசலில் வேனுக்குக் காத்திருக்க மாட்டார்கள்.

4

உள்ளே என்ன நடக்கிறது? மண்டியில் சரக்கு எங்கே இருக்கிறது என்பது லோடுமேன் மண்டையில் இருந்தது. பொன்னி எந்த அட்டி, போன வாரச் சரக்கு எது, அடியில் ஈரம் ஏறியது எது, எல்லாம் அப்பாவுக்குத் தெரியும். ஒருமுறை முதலாளி இறக்குக்கூலியைக் குறைத்தார். பதினோரு பேரும் இரண்டு நாள் வீட்டில் படுத்துக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை நோட்டை வைத்துக்கொண்டு அட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் முதலாளியே சேரிமுனைக்கு வந்து நின்றார்.

புதிய கிட்டங்கியில் சோப்புக்குப் பக்கத்தில் செல்போன் கவர் இருக்கும், அதற்குப் பக்கத்தில் பிள்ளைகள் செருப்பு இருக்கும். கிடைத்த காலி இடத்தில் வைக்கச் சொல்வார்கள். பொருளிலுள்ள கோட்டை ஒரு தடவை, ரேக்கிலுள்ள கோட்டை ஒரு தடவை ஸ்கேன் செய்தால், எது எங்கே என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியும். மனுசனுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 1974 ஜூன் 26இல் ஒஹாயோவின் டிராய் நகரத்துக் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டில் முதன்முதலாகப் படிக்கப்பட்ட அந்தக் கறுப்புக் கோடுகள், கடைசியில் எங்க அப்பாவின் மண்டையில் இருந்ததை எடுத்துக்கொண்டுவிட்டன. மூட்டையின் பாரம் குறைந்தது உண்மை. பேரம் பேசும் பலமும் அதோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

கூலி தள்ளிப்போனபோது நாங்கள் நாற்பது பேர் வெளியே வந்து நின்றோம். ஒரு மணி நேரத்தில் இரண்டு வேன் நிறைய வேறு ஆட்கள் வந்தார்கள். அவர்களும் நம்மைப்போல வயிற்றுக்கு வந்தவர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும். எங்கள் ஸ்கேனரை அவர்கள் கையில் கொடுத்தார்கள். அரைமணியில் வேலை ஓடியது.

ஸ்கேனருக்குச் சாதி தெரியாது. ஆனால் அதை யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்கிறவனுக்குத் தெரியும். என் விலாசத்தைப் பார்த்த காண்டிராக்டர் ஆள், "காலனியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாரத்தை மடித்தான். எங்கள் தெருப் பெண்கள் ஸ்கேனர் வேலை கேட்டுப் போனார்கள். ஹவுஸ்கீப்பிங் என்ற பெயரில் துடைப்பமும் கக்கூஸ் வாளியும் கிடைத்தது.

5

அதனால் எந்திரமே வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. தலையில் நூறு கிலோ மூட்டை ஏற்றுவதில் ஒரு பெருமையும் கிடையாது. 1945இல் வெளிவந்த 'காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்ததென்ன' என்ற நூலில், மனிதன் மிருகவாழ்விலிருந்து மீண்டு ஓய்வும் பண்பாடும் பெற எந்திரம் வேண்டும் என்று அண்ணல் வாதாடினார். கேட்டுக்குக் காரணம் எந்திரத்தில் இல்லை, தனிச்சொத்தைப் புனிதமாக்கிய சமூக அமைப்பில் இருக்கிறது என்றார். தொழிற்சாலை வேலையை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48ஆகக் குறைத்த 1946ஆம் வருசத்துத் திருத்தம், அவர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. எட்டு மணி நேரம் இலவசமாக வந்ததில்லை, இலவசமாக நிலைக்கப்போவதும் இல்லை.

நம்மிடம் ஆயுதமே இல்லை என்றும் சொல்லமுடியாது. சுமைக்கூலிகளுக்கான உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் வந்தது. நலவாரியம் 1999இல் வந்தது. கடை, நிறுவன ஊழியர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்ற திருத்தம் 2021இல் வந்தது. மேல்சாதிக்காரன் முன்னால் உட்கார்ந்ததற்காக அடிவாங்கிய ஜனத்துக்கு, உட்காரும் உரிமை என்பது சின்ன விசயமா? நான் நின்ற கிட்டங்கியில் கால்பந்து மைதானம் போன்ற தரையில் ஒரு ஸ்டூல் கிடையாது.

முன்னே ஞாபகம் வைக்கச் சொன்ன ஏட்டுக்கு வருகிறேன். துறைமுகக் கூலிக்கு உரிமை வந்தது பதிவேட்டால். இன்றைக்கு ஸ்கேனர் நம்மை வேவு பார்க்கிறது: எத்தனை மணிக்கு வந்தோம், மணிக்கு எத்தனை பொருள் எடுத்தோம், எத்தனை நிமிசம் கை சும்மா இருந்தது, எல்லாம் பதிகிறது. அப்படியானால் யார் வேலை செய்தது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன? காண்டிராக்டர் "இவன் என் ஆளே இல்லை" என்று நாளைக்குச் சொன்னால், அந்தப் பதிவு பேசட்டும். அந்த ஏட்டின் நகல் தொழிலாளி கைக்கு வரவேண்டும், வாரியத்துக்குப் போகவேண்டும் என்று கேட்போம். ஒடிசாத் தோழரையும் கூட நிறுத்திக்கொண்டு கேட்போம். முதலாளி தன் லாபத்துக்கு எழுதிய கணக்கு நம் பிழைப்புக்குச் சாட்சியாகட்டும்.

அப்பா செத்து மூன்று வருசமாகிறது. இப்போது என் தங்கச்சி மகன் அதே சாலையில் ராத்திரி ஷிப்டு போகிறான். விடிகாலையில் வந்தால் படியேற முடியாமல் வாசல் திண்ணையிலேயே காலை நீட்டிவிடுவான். "செமையே இல்ல மாமா, ஆனா கால் மட்டும் ஏன் இப்படி வலிக்குது?" என்று கேட்கிறான்.

சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்து ஓரமாகப் போட்டார்கள். இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது.