அப்பமா புளிச்ச கதை: ஈஸ்ட், கள்ளு, கொஞ்சம் சாதி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கொழும்புத்துறையில் எங்கட தோழி ஒருத்தியின் வீட்டுக் குசினியில் ஆறு பேர் சேர்ந்து அப்பம் சுட்டோம். நாங்கள் எழுத நினைத்தது ஒரு சின்னச் சமையற் குறிப்புத்தான். கடையில் வாங்கின ஈஸ்டும் ஒரு தாச்சியும் இருந்தால் வாடகை அறையில் இருக்கிற பிள்ளைகளும் அப்பம் சுடலாம் என்று சொல்ல நினைத்தோம்.

முதல்நாள் பின்னேரம் பச்சையரிசி மாவில் கொஞ்சத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவிட்டோம். மிச்ச மாவோடு அதைச் சேர்த்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்த அரைத் தேக்கரண்டி ஈஸ்டும் சீனியும் விட்டு மூடிவைத்தோம். விடியப் பார்த்தால் மா சட்டி விளிம்பு வரைக்கும் பொங்கி நிற்கிறது. தேங்காய்ப்பாலும் உப்பும் விட்டுக் கரைத்து, தாச்சியில் ஒரு அகப்பை ஊற்றிச் சுழற்றி மூடினோம். விளிம்பு முறுகி, நடு பஞ்சு மாதிரி வந்தது. எங்களுக்குப் பெரிய புளுகம்.

தோழியின் அம்மம்மா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டார். "வடிவா வந்திருக்குப் பிள்ளையள். ஆனா அப்ப மணம் இல்லை. கள்ளு விட்டெல்லோ புளிக்க வைக்கிறது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு சமையற் குறிப்பு எழுத மனம் வரவில்லை. இந்தக் கட்டுரைதான் வந்தது.

ஈஸ்டுக்கு எங்கட பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் 'மதுவம்' என்று பெயர். சாதாரண தரப் பரீட்சைக்குப் பாடமாக்கின காலத்தில், அந்தச் சொல்லுக்குள்ளேயே மது இருக்கிறதை நாங்கள் கவனிக்கவில்லை. பனம்பாளையைச் சீவும்போது வடிகிற சாறு முதலில் வெறும் இனிப்பு. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காமல் கருப்பநீராக நிற்கும், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிட்டால் முட்டியிலும் காற்றிலும் இருக்கிற மதுவங்கள் சீனியைத் தின்று, அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளியே விடும். சில மணித்தியாலங்களில் கள்ளு தயார். கூடவே பற்றீரியாக்களும் வேலை செய்வதால் புளிப்பும் ஏறும். கூடநேரம் விட்டால் வினாகிரிதான்.

நுரைக்கிற கள்ளை அரிசிமாவில் விட்டால் அதே வேலை மாவுக்குள்ளும் தொடரும். வாயு மாவைப் பொங்கவைக்கும். தாச்சிச் சூட்டில் குமிழ்கள் வெடித்த இடங்கள்தான் அப்பத்தின் கண்கள். கடையில் வாங்கும் ஈஸ்ட் பக்கற்றுக்குள் இருப்பது தெரிந்தெடுத்து வளர்த்த ஒரு வகை மதுவம். கள்ளுக்குள் இருப்பதோ பலவகை மதுவங்களும் பற்றீரியாக்களும் சேர்ந்த ஒரு பெரிய குடும்பம். அம்மம்மா தேடின மணம் அந்தக் குடும்பத்தின் மணம்.

பக்கற் ஈஸ்டின் வரலாறு அப்படியொன்றும் பழையதில்லை. நொதித்தல் உயிருள்ள நுண்ணங்கிகளின் வேலை என்று பிரான்சில் லூயி பாஸ்டர் காட்டியது 1857இற்குப் பிந்திய ஆண்டுகளில்தான். அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிளைஷ்மன் சகோதரர்கள் அமுக்கிக் கட்டியாக்கிய ஈஸ்டை விற்கத் தொடங்கியது 1868இல். அதற்கு முதலே இங்கே பாண் இருந்தது. போர்த்துக்கேயர் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தது 1619இல். 'பாண்' என்ற சொல்லே அவர்களின் மொழியில் இருந்து வந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த ஐரோப்பியர் தங்கட பாணைப் பொங்கவைக்க எங்கட ஊர்க் கள்ளைத்தான் நம்பியிருந்தார்கள். கோவாவில் அந்த வழக்கம் இன்னும் முழுக்க அழியவில்லை. கேரளத்தில் கள்ளப்பம் என்று பெயரிலேயே கள்ளு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. அங்கே அப்பத்துக்கு ஈஸ்ட், உழுந்து, இல்லாவிட்டால் சோடா. இந்தச் சோடாவுக்குத் தமிழில் என்ன பெயர்? அப்பச்சோடா! கள்ளு பார்த்த வேலையைப் பார்க்க வந்த தூளுக்கு அந்த வேலையின் பெயரே ஒட்டிவிட்டது.

இவ்வளவையும் தேடிப் படித்த பிறகு அம்மம்மாவிடம் திரும்பப் போனோம். "அந்த நாளில கள்ளு எப்பிடி வீட்டுக்கு வந்தது, அம்மம்மா?"

கொல்லைப் பக்கத்துப் படலையால் வந்தது என்றார். சீவுகிறவர் படலைக்கு வெளியே நிற்பார். இவர் போத்தலைக் கொண்டுபோய் நிலத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். கை படாமல் ஊற்றிவிட்டு அவர் போய்விடுவார். அவர் இவரை 'நாச்சியார்' என்று கூப்பிடுவாராம். அப்போது இவருக்கு ஒன்பதோ பத்தோ வயசு.

எங்கட கூட்டத்தில் ஒருவனின் அப்பப்பா மரம் ஏறினவர். தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு காலையும் பின்னேரமும் பனையில் ஏறி இறங்கினவர். அவன் அதுவரை பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்: "எங்கட வீட்டிலயும் அப்பம் சுடுறதுதான். அதே கள்ளு, அதே அரிசி. ஆனா கள்ளு வாங்கின வீட்டுக்காரர் ஒருத்தரும் எங்கட வீட்டில ஒரு அப்பம் வாங்கிச் சாப்பிட்டதில்லை."

இந்த இடத்தில்தான் நாங்கள் படித்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. சீவின கை தொட்ட கள்ளு உயர்சாதி வீட்டு மாவுக்குள் போகலாம். இரவு முழுக்க அங்கேயே இருந்து மாவைப் பொங்கவைக்கலாம். அந்தக் கை சுட்ட அப்பம் வரக்கூடாது. அந்தக் கைக்குரியவர் படலை தாண்டக்கூடாது. தீட்டு என்பது பொருளில் இல்லை, யார் யாருக்குக் கீழே நிற்கவேண்டும் என்பதில்தான் இருந்தது. அதை அப்பத்தை விடத் தெளிவாகக் காட்ட எங்களுக்கு வேறு உதாரணம் கிடைக்கவில்லை.

வீட்டுக்குள் மட்டும் இல்லை, தேத்தண்ணிக் கடையிலும் இதுதான். ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு வாங்கில் இடம் இல்லை. தேத்தண்ணி தகரப் பேணியிலோ போத்தலிலோ. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததாலேயே கடை வாங்கு திறபடவில்லை. 1966 ஒக்டோபர் 21 சுன்னாகத்தில் இருந்து புறப்பட்ட ஊர்வலம், அடுத்த வருடம் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நடந்த தேநீர்க்கடைப் போராட்டங்கள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நின்ற சனம் என்று அடிவாங்கி, உயிர் கொடுத்துத்தான் அது திறபட்டது. கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் பிறந்ததும் இந்தக் காலத்தின் அனுபவத்தில்தான்.

1972இல் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பிறகு, சீவல் தொழிலாளர் வீடு வீடாகப் படலையில் நிற்கிற நிலை குறைந்தது. கள்ளு சங்கத்துக்குப் போனது, தவறணையில் விலைக்கு விற்கப்பட்டது. பிறகு யுத்தம், பங்கருக்கும் காவலரணுக்கும் எண்ணிக்கையில்லாமல் பனைகள் தறிபட்டன. ஏறுகிற ஆட்களும் குறைந்துகொண்டு போகிறார்கள். ஆபத்தான தொழில், தங்கட பிள்ளைகள் அதைச் செய்யவேண்டாம் என்று அவர்கள் நினைப்பது நியாயம். "இப்பத்தைய அப்பத்தில மணம் இல்லை" என்று கவலைப்படுகிற நாங்கள், அந்த மணத்துக்காக யார் மரத்தில் ஏறவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை தவறணையில் அரைப்போத்தல் கள்ளு வாங்கித் திரும்பவும் சுட்டோம். (பெடியள் போனார்கள். பெட்டையள் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது இன்னொரு கட்டுரை.) ஒரு கொத்து அரிசிமாவுக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பை கள்ளு. மற்றதெல்லாம் ஈஸ்ட் அப்பம் மாதிரித்தான். மணம் வந்தது. அம்மம்மா நாலு அப்பம் சாப்பிட்டார். எங்கட நண்பன் சுட்டுக் கொடுத்தவை அவை.

கடைசியாக ஒன்று கேட்டோம். படலைக்குக் கள்ளுக் கொண்டுவந்தவரின் பெயர் என்ன?

அம்மம்மா கனநேரம் யோசித்தார். அவரின் முகம் ஞாபகம் இருக்கு, தோளில் கிடந்த துண்டு ஞாபகம் இருக்கு என்றார். "பேர் தெரியேல்லைப் பிள்ளை. ஐயா அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை."

உங்கட வீட்டிலும் அப்பம் சுடுகிற ஒரு வயதான ஆள் இருந்தால், அளவு கேட்கிற நேரம் இந்தக் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். பெயர் கிடைத்தால் எங்களுக்கும் எழுதுங்கள்.