மாமா பெட்டியும் மெக்கன்சி தொகுப்பும்

நசரத்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து மாமாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, வரி ரசீது, நாடக நோட்டீஸ் என்று ஒரே குவியல். ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். நாற்பதாவது தாளிலேயே கை ஓய்ந்துவிட்டது.

நூலகத்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தாளுக்கும் தனிப் பதிவு போடாமல், மொத்தத்தையும் ஒரு தொகுப்பாக வைத்து ஒரே பதிவு. சேர்த்தவர் யார், எந்தக் காலம், எத்தனை பெட்டி, உள்ளே என்ன வகை. நேரம் மிச்சம் என்பது மட்டுமல்ல. ஓரிடத்திலிருந்து வந்த தாள்களைக் கலைத்து வேறு வேறு தலைப்பில் போட்டால், அவை ஏன் சேர்ந்திருந்தன என்பதே போய்விடும். பிரான்ஸ் அரசு 1841-லேயே தன் ஆவணக் காப்பகங்களுக்கு இதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது.

நம் பக்கத்தில் இப்படி ஒரே பெயரில் நிற்கும் பெரிய குவியல் மெக்கன்சி தொகுப்பு. காலின் மெக்கன்சி இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். 1821-ல் அவர் இறந்ததும் கம்பெனி அரசு அத்தனையையும் அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. எச். எச். வில்சன் 1828-ல் கல்கத்தாவில் அட்டவணை வெளியிட்டார். சுவடிகள் 1,568, ஊர் வரலாறு சொல்லும் கைபீது போன்றவை 2,070, கல்வெட்டுப் படிகள் 8,076. பிறகு ஒரு பகுதி லண்டன் போனது, ஒரு பகுதி சென்னைக்கு வந்து இன்று கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. பிரிந்தும் பெயர் மட்டும் ஒன்றுதான். அந்த ஒரு பெயர் இல்லையென்றால் இங்குள்ள கைபீதும் அங்குள்ள வரைபடமும் ஒரே வேலையின் துண்டுகள் என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் ஊர் ஊராகப் போய்க் கணக்குப்பிள்ளையையும் குருக்களையும் கேட்டு எழுதியது மெக்கன்சி இல்லை. அவருக்கு நம் மொழிகள் தெரியாது. காவலி வெங்கட போரையா, 1803-ல் அவர் இறந்தபின் தம்பி லட்சுமையா, நாராயண ராவ், நித்தல நயினா என்று ஒரு கூட்டமே அலைந்தது. இவர்கள் பெயர் உள்ளே, அனுப்பிய அறிக்கைகளில் கிடக்கிறது. தலைப்பில் வந்தது துரை பெயர்தான்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 1830-களில் லட்சுமையா அந்த வேலையைத் தொடர அனுமதி கேட்டார். கல்கத்தா ஆசியாட்டிக் சொசைட்டி, இந்தியர் ஒருவர் தலைமையேற்று நடத்தக்கூடிய காரியமாக அதைப் பார்க்கவில்லை. சுவடிகள் வில்லியம் டெய்லர் என்ற பாதிரியார் கைக்குப் போயின. சேகரித்தவனுக்கே தன் சேகரத்தில் இடமில்லை! எனக்கு இதைப் படித்தபோது வயிறு எரிந்தது.

அதன்பிறகு எங்கள் பெட்டியைத் திரும்பப் புரட்டினேன். பத்திரிகைகளின் பின்பக்கம் பென்சிலில் தேதியும், மாப்பிள்ளை எந்த ஊர், பெண் யார் வகையறா என்ற குறிப்பும். மாமா கையெழுத்து அப்படிச் சாயாது.

"யார் அத்தை எழுதினது?"

"உங்க மாமாவுக்கு ஏதுடா நேரம்? நாந்தான். பத்திரிகை எடுத்து வச்சதும் நாந்தான். பெட்டி மட்டும் அவரோடது."

பதிவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். சேர்த்தவர் என்ற இடத்தில் முதலில் அத்தை பெயர். பெட்டிக்கு உரியவர் மாமா. ஒரு பெட்டி, தாள்கள் ஏறக்குறைய அறுநூறு, பின்பக்கக் குறிப்புகளோடு.