விண்டோஸ் 98-ஐ தமிழ் எப்போது கைவிட்டது?

பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இன்னும் எத்தனை நாள் ஆதரவு கொடுப்பது? மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி. மீட்டிங்கில் யாராவது சதவீதக் கணக்கைக் காட்டி, "இவ்வளவு பேர்தானே, தூக்கிடலாம்" என்பார்கள். எனக்கு அப்போதெல்லாம் 2003-ஐ ஒட்டிய தமிழ் இணையம்தான் ஞாபகம் வரும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, அதாவது 1991-லேயே, தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் திரையில் காட்டத் தெரிந்த முதல் விண்டோஸ், லதா எழுத்துருவோடு வந்த விண்டோஸ் 2000 தான். இடைப்பட்ட காலத்தில் நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு பைட்டின் 256 இடங்களுக்குள் தமிழ் வடிவங்களை அடுக்கி டிஸ்கி வந்தது. 1999-ல் தமிழ்நாடு அரசின் டாம், டாப் வந்தன. இது போதாதென்று பத்திரிகைகள் ஆளுக்கொரு ஃபாண்ட் வைத்திருந்தன. இவற்றில் கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது, ஃபாண்ட்தான் தமிழாகக் காட்டும். அதனாலேயே விண்டோஸ் 98-லும் தடையில்லாமல் ஓடியது.

2003-ல் தமிழ் வலைப்பதிவுகள் தொடங்கியபோது சிக்கல் வந்தது. யுனிகோடில் எழுதினால் தேடலாம், எங்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். ஆனால் 98-ல் படிப்பவருக்குக் கட்டம் கட்டமாகத் தெரியும். எக்ஸ்பியிலும் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான வசதியைத் தனியாக டிக் செய்து நிறுவ வேண்டும், அதற்கு விண்டோஸ் சிடி கேட்கும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் சிடிக்கு எங்கே போவார்?

இங்கேதான் நான் வியக்கும் விஷயம் நடந்தது. புதியதுக்கு மாறியவர்கள் பழையதில் இருந்தவர்களுக்குப் பாலம் போட்டார்கள். அதிராம்பட்டினத்து உமர்தம்பி 'தேனீ' இயங்கு எழுத்துருவை உருவாக்கினார். பக்கத்தோடு ஃபாண்டும் தானாக இறங்கும், படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்யும், ஆனாலும் அன்றைக்கு அதுவே பெரிய உதவி. சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி, பழைய குறியேற்றத்தில் இருந்ததை யுனிகோடுக்குக் கொண்டுவந்தது. மதுரைத் திட்டம் ஒரே நூலை டிஸ்கியிலும் யுனிகோடிலும் வெளியிட்டது. இதெல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் சொந்த நேரத்தில் செய்த வேலை.

மைக்ரோசாஃப்ட் 98-க்கான ஆதரவை 2006 ஜூலை 11-ல் நிறுத்தியது. ஃபயர்ஃபாக்ஸ் 2008-ல் மூன்றாம் பதிப்போடு கைவிட்டது. அதற்குள் தமிழ் வலைப்பதிவுகள் யுனிகோடுக்குக் குடியேறி முடித்திருந்தன. தமிழ்நாடு அரசு யுனிகோடை அதிகாரப்பூர்வமாக ஏற்றது 2010-ல், கோவை செம்மொழி மாநாட்டின்போதுதான்.

பாலம் போடாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு அச்சுத்துறையைப் பாருங்கள். பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது, 2001-ல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் கதையும் முடிந்தது. உப்பளத்தில் எனக்குத் தெரிந்த ஒரு டிடிபி கடையில் அதற்காகவே ஒரு பழைய கம்ப்யூட்டரை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். "புதுசு வாங்கலாம் சார், ஆனா இருபது வருஷத்து மேட்டர் எல்லாம் இதுலதானே இருக்கு" என்றார் கடைக்காரர். அவருக்குப் பழைய விண்டோஸ் மேல் பாசம் எதுவும் இல்லை. அவருடைய கல்யாணப் பத்திரிகைகளும் கோயில் மலர்களும் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

பழைய சிஸ்டத்தை ஒருநாள் விட்டுத்தான் ஆக வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராத இயங்குதளத்தைக் கட்டிக்கொண்டு அழுவதும் ஆபத்து. ஆனால் தேதியைக் குறிக்கும் முன் சதவீதத்தோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அங்கே மிச்சம் இருப்பவர் தன் எழுத்தை எடுத்துக்கொண்டு வெளியே வர வழி இருக்கிறதா? இருந்தால் நாளைக்கே கைவிடலாம். இல்லையென்றால் முதலில் ஒரு மாற்றியை எழுதுவோம், ஆதரவை அப்புறம் நிறுத்துவோம்.