மதன் விழும் கணம்: ஊவாத் தோட்டங்களின் காமன் கூத்தில் படைப்பின் ஊற்று

இலங்கையின் தோட்டத் தமிழர் ஆடும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் (மன்மதன்) எரிந்து விழும்போது, அந்த வேடம் கட்டியவர் பல வேளைகளில் தன்னினைவு இழந்துவிடுகிறார். அருள் வந்துவிட்டது என்பார்கள் பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்கத் தோட்டத்து மக்கள். ஆய்வுலகில் இதற்கு இரண்டு விளக்கங்கள் வேரூன்றிவிட்டன. ஆடுபவர் வெறும் ஊடகம், ஆட்டுவிப்பது மரபோ தெய்வமோதான் என்பது முதலாவது. தப்புப் பறையின் இடைவிடாத ஒலி உடலை மயக்குகிறது என்பது மற்றது. இரண்டையும் ஏற்றுக்கொண்டால் தோட்டத்து மனிதருக்குப் படைப்பாளி என்ற இடமே கிடைக்காது. இரண்டும் போதா என்பதற்குச் சான்று இருப்பதாகவே கருதுகிறேன்.

அறிவியல் தோரணை காரணமாக ஒலி விளக்கமே அதிகம் எடுத்தாளப்படுவதால் அதை முதலில் பார்க்கலாம். தப்பு கூத்துக்கு மட்டும் உரியதன்று. விடியுமுன் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) மக்களை எழுப்பிப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் காலைக் கூட்டத்துக்கு, அழைத்ததும் அதே தப்புத்தான். சி.வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற ஆங்கில நெடுங்கவிதை அந்த விடியற்காலை முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. பிரட்டுத் தப்பைக் கேட்டு எழுந்தவர்கள் அருள் வந்து ஆடவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்கள். அடி வேறு என்று மறுப்பார்கள். வேறுதான். அதை வேறாக அடிப்பது யார் என்பதே என் கேள்வி. கூத்து நடக்கும் மாசிப் பனியில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். சருகு மூட்டி, தப்பை நெருப்பருகே திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, போதும் என்று முடிவுசெய்கிறார் அடிப்பவர். ஆடுபவரின் காலைப் பார்த்தே அடியை முடுக்குகிறார், தளர்த்துகிறார். இத்தனை தேர்வுகளையும் ‘ஒலி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது.

தெய்வ விளக்கத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் விரும்பவில்லை. ஆடியவர்களே அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அருள் வரும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மாசி அமாவாசைக்குப்பின் காமன் கம்பம் ஊன்றி, காப்புக் கட்டி, விரதமிருந்து, கூத்து வாத்தியாரிடம் அடவு பழகியவருக்கே பெரும்பாலும் அது வருகிறது. அதுவும் மதன் கணை தொடுக்க, சிவன் கண் திறக்கும் கட்டத்தில். வெளியிலிருந்து வருவதாகவே வைத்துக்கொண்டாலும், அது வந்து சேரும் வழியை அமைத்தவை அந்த நாட்களின் நோன்பும் பயிற்சியும். பயின்றது என்றால் பாசாங்கு என்று வாதிடுவோருக்கு நீண்ட மறுமொழி தேவையில்லை: பயிற்சியால் வருவது பொய்யாகிவிடாது.

இவற்றினும் வலுவான சான்று, மதனை இழந்த அவன் மனைவி ரதியின் புலம்பல். ரதி வேடம் கட்டுபவர் ஆண். அவருக்காகப் பின்பாட்டுப் பாடுவோரும் ஆண்களே. புலம்பலோ ஒப்பாரி நடையில் செல்கிறது. லயத்தில் ஒப்பாரி பெண்களின் கலை. பாடல்களை எழுதிவைத்த கூத்துக் கொப்பியில் அடிகள் இருக்கலாம். எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும், எந்தச் சொல்லை விழுங்கி மூச்சை இழுக்க வேண்டும் என்பது கொப்பியில் இராது. சுவர் ஒட்டிய லயத்துக் காம்பராக்களில் (அறைகளில்) ஓர் இழவு வீட்டின் அழுகை வரிசை முழுவதும் கேட்கும். அம்மாவும் அத்தையும் மாரடித்து அழுததைக் கேட்டு வளர்ந்தவரே ரதியாக நிற்கிறார். அவருக்கு வெளியே இருக்கும் ஊற்று என்று நான் கொள்வது அந்தப் பெண்களின் அழுகையையே. தமிழகத்து அச்சுப் பனுவல்களோடு கொப்பிகளை ஒப்பிட்டு, தோட்டம் புதிதாக எதையும் படைக்கவில்லை என்று முடிவுகட்டியவர்கள் எழுத்தை மட்டும் ஒப்பிட்டார்கள். எல்லாத் தோட்டங்களுக்கும் இது ஒரே அளவில் பொருந்தும் என்று சொல்லத் துணியவில்லை. ஆயினும் கொப்பியையே பனுவலாகக் கொள்ளும் முறை பிழையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தப்படிப்பவரைச் சாதியின் பெயரால் களத்தின் ஓரத்தில் நிறுத்தியது ஊர். ஒப்பாரி சொன்ன பெண்ணைக் களத்துக்குள் அழைக்கவே இல்லை. ஆய்வுக் குறிப்புகளும் வாத்தியார் பெயரையும் வேடம் கட்டியவர் பெயரையும் எழுதுவதோடு நின்றுவிடுகின்றன. இனிக் களத்துக்குச் செல்வோர் அன்று தப்பைக் காய்ச்சியவர் யார், ரதியின் வீட்டில் ஒப்பாரி சொல்பவர் யார் என்று கேட்டு, அவர்கள் இசைந்தால், அந்தப் பெயர்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.